பண்டிகை போயிற்று, பக்ஷணம் போகவில்லை!

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். வாசலில் கிடந்த பட்டாசுக் காகிதங்களைப் பெருக்கித் தள்ளியாகி விட்டது. புதுப் புடவையை ஒரு தரம் உடுத்தி, மடித்துப் பீரோவில் வைத்தாகி விட்டது. ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாரையும் குழந்தைகளையும் ரயிலேற்றி அனுப்பியாகி விட்டது. ஆனால் சமையலறை அலமாரியைத் திறந்தால் என்ன தெரிகிறது? ஒரு டின் நிறைய தேன்குழல். அதன் மேல் ஒரு டின் மிக்ஸ்சர். பக்கத்தில் நாம் செய்த மைசூர்பாகு பாதி. எதிர் வீட்டார் கொடுத்த மைசூர்பாகு முழுசாக. கணவரின் ஆபீஸிலிருந்து வந்த அட்டைப் பெட்டி வேறு, ரிப்பன் கூட அவிழ்க்கப்படாமல் உட்கார்ந்திருக்கிறது!

வீட்டில் இருப்பவர்களைப் பாருங்கள். ஒருநாளும் காபி வேண்டாம் என்று சொல்லி அறியாத கணவர், "இன்றைக்கு எனக்குக் காபி வேண்டாம்" என்கிறார். மாமியார் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கரிக்கிறது" என்கிறாள். பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு வயிற்று வலி. லீவு கடிதம் எழுதிக் கொடுத்த அரைமணிக்கெல்லாம் அவன் மறுபடியும் மிக்ஸ்சர் டின் பக்கம் நடமாடுகிறான். வீட்டு எஜமானி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அவளை யாரும் கேட்கவில்லை, அதுதான் காரணம்! அவளுக்கும் வயிறு கனக்கிறது. வளையல் கையை இறுக்குகிறது. மோதிரத்தைக் கழற்ற சோப்பு நுரை வேண்டியிருக்கிறது.

இந்த மந்தத்தைப் போக்க நம் வீடுகளில் இரண்டு யோசனைகள் வழங்கி வருகின்றன. ஒன்று பாட்டி காலத்தது: "ஒரு நாள் முழுப் பட்டினி போடு, இல்லாவிட்டால் விளக்கெண்ணெய் சாப்பிடு." மற்றொன்று பேத்தி காலத்தது: கைப்பேசியில் விளம்பரமாகும் 'டிடாக்ஸ்' என்னும் பச்சை நிறச் சாறு, மூன்று நாள் அதை மட்டும் குடித்தால் உடம்பிலுள்ள கசடெல்லாம் போய்விடுமாம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. வயிறு ஏதோ குற்றம் செய்து விட்டது, அதைத் தண்டிக்க வேண்டும் என்ற எண்ணம்!

குற்றம் செய்தது வயிறு அல்ல என்பது நமக்கே தெரியும். அதற்கு வேண்டியது ஓய்வும், வழக்கமான வீட்டுச் சாப்பாடும்தான். ஏன் என்பதை முதலில் பார்க்கலாம். பிறகு மூன்று நாள் சமையலுக்கு வருவோம்.

வயிற்றில் ஒரு ஜன்னல்

அதிகமாகச் சாப்பிட்ட வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்த டாக்டர் ஒருவர் உண்டு. அமெரிக்க ராணுவத்தில் வைத்தியராக இருந்த வில்லியம் பியூமான்ட் என்பவர் அவர். 1822-ஆம் வருஷம் ஜூன் மாதம், மாக்கினாக் என்னும் தீவில் ஒரு கம்பளித்தோல் வியாபாரக் கடையில் துப்பாக்கி ஒன்று தவறுதலாக வெடித்து விட்டது. அலெக்ஸி சேன் மார்ட்டின் என்ற வாலிபத் தொழிலாளியின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. அவன் பிழைக்க மாட்டான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் பியூமான்டின் வைத்தியத்தில் பிழைத்துக்கொண்டான். காயம் ஆறியது, இரைப்பைக்குள் போகிற துவாரம் மட்டும் மூடவே இல்லை. ஆண்டவனே ஒரு ஜன்னல் வைத்தது போல் ஆயிற்று.

டாக்டர் சும்மா இருப்பாரா? பட்டு நூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி, அந்தத் துவாரத்தின் வழியாக உள்ளே விட்டு, மணிக்கு மணி வெளியே இழுத்துப் பார்த்தார். இப்படிப் பல வருஷங்களில் 200-க்கும் மேற்பட்ட பரீட்சைகள் செய்து, 1833-இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். வேகவைத்த அரிசி இரைப்பையில் ஒரு மணி நேரத்தில் கரைந்தது என்றும், கொழுப்போடு வாட்டிய மாமிசத்துக்கு ஐந்து மணிக்கு மேல் ஆயிற்று என்றும் அவருடைய பட்டியல் சொல்கிறது. சேன் மார்ட்டினுக்குக் கோபம் வந்தபோது ஜீரணம் தடைப்பட்டதையும் அவர் கவனித்தார். சாப்பாட்டு வேளையில் வீட்டில் சண்டை கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நமக்கு முக்கியமானது வேறொன்று. அந்த வாலிபன் அளவுக்கு மீறித் தின்று குடித்த நாட்களில், இரைப்பையின் உட்புறம் அங்கங்கே சிவந்து, புண்பட்டிருப்பதைப் பியூமான்ட் கண்டார். இதைத்தான் இன்றைய டாக்டர்கள் அழற்சி என்கிறார்கள். விரலில் முள் குத்தினால் சுற்றிலும் சிவந்து சூடேறுகிறதே, அதுபோலத்தான். அவரை ஆச்சரியப்படுத்திய விஷயம் என்னவென்றால், உள்ளே அவ்வளவு சிவந்திருந்தும் சில சமயங்களில் அவனுக்கு வெளியே ஒரு தொந்தரவும் தெரியவில்லை! உணவைக் குறைத்துச் சில நாள் விட்டதும், சிவப்பு மறைந்து பழைய நிறம் திரும்பியது. அந்த ஜன்னலோடேயே சேன் மார்ட்டின் 1880 வரை வாழ்ந்தான். டாக்டர் அவனுக்கு 27 வருஷம் முன்னதாகவே காலமாகி விட்டார்!

ஆகவே இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று சொல்கிறவரின் வயிறும் சிவந்திருக்கலாம். சிவந்த வயிறு, இடம் கொடுத்தால் தானே ஆறும்.

உள்ளே குடியிருப்பவர்கள்

மைசூர்பாகும் முறுக்கும் செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். நெய்யும் எண்ணெயும் இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். அதனால்தான் பகல் பதினொரு மணிக்குத் தின்றது மாலை நான்கு மணிக்கும் கனக்கிறது. நிறைந்த இரைப்பையோடு படுத்தால் புளிப்பு மேலேறி நெஞ்சைக் கரிக்கிறது. தேன்குழலிலும் மிக்ஸ்சரிலும் உள்ள உப்பு, உடம்பில் நீரைத் தேக்குகிறது. மோதிரம் இறுகுவது அதனால்தான். ஓரிரு கிலோ எடை கூடினாற்போல் தராசு காட்டினால் உடனே அழுதுவிட வேண்டாம். அதில் பெரும்பகுதி தேங்கிய நீரும், இன்னும் இறங்காத சாப்பாடும்தான்.

இரைப்பைக்கு அப்பால் பெருங்குடலில் ஒரு பெரிய குடித்தனம் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அங்கே கோடானு கோடி வாழ்கின்றன. நம் உடம்பில் எத்தனை உயிரணுக்கள் உண்டோ ஏறக்குறைய அத்தனை எண்ணிக்கை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிருமி என்றதும் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை நல்ல குடித்தனக்காரர்கள். கீரை, காய், பருப்பு, பழம் ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்து நமக்கு ஜீரணமாவதில்லை. அதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. அதைத் தின்று, குடலின் உட்சுவருக்கு ஆகாரமாகிற ஒருவித அமிலத்தை அவர்கள் வாடகையாகத் தருகிறார்கள்! அழற்சியை அடக்கி வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

பண்டிகை நாட்களில் இந்தக் குடித்தனக்காரர்களுக்கு என்ன போடுகிறோம்? சர்க்கரையும் நெய்யும் மேலேயே உறிஞ்சப்பட்டு விடும். கடலை மாவில் கொஞ்சம் நார் உண்டு. மைதாவில் மிகக் குறைவு. ஆக, அவர்கள் பட்டினி. 2016-இல் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சியில், நார்ச்சத்தே கொடுக்காமல் விட்டபோது, சில கிருமிகள் குடலின் மேல் படிந்திருக்கும் காப்புப் பூச்சையே அரிக்கத் தொடங்கின. சாப்பாடு போடாத வீட்டில் குடியிருப்பவன் சுவரைச் சுரண்டுகிறான்!

நல்ல சேதியும் உண்டு. 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் பத்துப் பேரின் சாப்பாட்டை ஐந்து நாள் அடியோடு மாற்றிப் பார்த்தார்கள். மாமிசம், முட்டை, பாலாடைக்கட்டி மட்டுமே சாப்பிட்டபோது குடலின் கிருமிக் கூட்டம் ஓரிரு நாளிலேயே மாறியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டொரு நாளில் கூட்டமும் பழையபடி ஆயிற்று. குடலின் உட்படலமோ மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் இயல்பு உடையது. இப்படி ஓயாமல் வெள்ளையடித்துக்கொள்ளும் வீட்டுக்குப் பச்சைச் சாறு எதற்கு? உடம்பின் கழிவை அகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் செய்து வருகின்றன.

லேகியம் என்ன செய்யும்?

நம் பெரியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய் ஸ்நானம் ஆனதும் முதலில் கையில் கொடுத்தது லட்டு அல்ல. ஒரு சுண்டைக்காய் அளவு தீபாவளி மருந்து! பின்னால் வரப்போவது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுக்கு, மிளகு, ஓமம், சீரகம், தனியா, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை இவைதான் அதன் சாமான்கள். தனியா மற்றவற்றைவிட அதிகமாகவும், திப்பிலியும் மிளகும் குறைவாகவும் இருக்கட்டும். சுக்கைத் தட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் வெறும் வாணலியில் லேசாக வறுத்துப் பொடி செய்து சலியுங்கள். பொடி எவ்வளவோ அவ்வளவு வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி அடுப்பில் ஏற்றுங்கள். கொதித்ததும் பொடியைத் தூவி, கட்டி தட்டாமல் கிளறுங்கள். கொஞ்சம் நல்லெண்ணெயும் நெய்யும் விட்டு, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, ஆறிய பிறகு தேன் சேர்க்கலாம்.

இஞ்சி, இரைப்பை காலியாவதைச் சற்றுத் துரிதப்படுத்துகிறது என்று சில சிறிய ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. குமட்டலையும் அது குறைக்கும். ஆகவே லேகியத்தில் சாரம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால், 'லேகியம் சாப்பிட்டாயிற்று, இனி பத்து ஜாங்கிரி தின்னலாம்' என்று அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் பாதி வெல்லம் என்பதை நீரிழிவுக்காரர்கள் மறக்க வேண்டாம். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அதன் காரம் ஒத்துக்கொள்ளாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உருண்டை உருண்டையாகத் தின்னக் கூடாது.

பட்டினியும் வேண்டாம், பேதியும் வேண்டாம்

பசி எடுக்கவில்லை என்றால் ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பதில் தவறில்லை. வயிறு கேட்கும் ஓய்வு அது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை வைராக்கியமாகப் பட்டினி கிடந்தால் நடப்பது என்ன? ராத்திரி ஒன்பது மணிக்குப் பசி தாங்காமல் முதலில் கைக்கு எட்டுவது அந்த மிக்ஸ்சர் டின்தான்!

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் பட்டினி கிடப்பது ஆபத்து. மருந்து தன் வேலையைச் செய்யும், சாப்பாடு இருக்காது. ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். வீட்டில் மாமனாரோ மாமியாரோ அப்படி இருந்தால், அவர்களுக்கு வேளை தவறாமல் எளிய ஆகாரம் கொடுங்கள்.

பேதி மருந்து குடலைச் சுத்தம் செய்வதாகத் தோன்றும். உண்மையில் அது வெளியேற்றுவதில் பெரும்பகுதி உடம்புக்கு வேண்டிய நீரும் உப்பும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது. தலைவலிக்கென்று எரிகிற வயிற்றில் வலி மாத்திரைகளைப் போட்டுக்கொள்வதும் வேண்டாம்; அவற்றில் சில இரைப்பையை மேலும் புண்ணாக்கக் கூடியவை.

மூன்று நாள் சமையல்

முதல் நாள், வயிற்றுக்கு வேலை குறைவாக இருக்கட்டும். காலையில் புழுங்கலரிசிக் கஞ்சியில் மோர் விட்டு, உப்பிட்டுச் சாப்பிடலாம். அல்லது இரண்டு மூன்று இட்லி. மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் ஒரு நாளைக்கு விடுமுறை எடுத்துக்கொள்ளட்டும். பகலில் குழைந்த சாதம், மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட ரசம், சுட்ட அப்பளம் ஒன்று. கடைசியில் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட நீர் மோர். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து விடுங்கள். கோதுமை ரவைக் கஞ்சி போதும். தாகத்துக்குத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள், குடித்தனக்காரர்களுக்குச் சாப்பாடு போடத் தொடங்குங்கள். பாசிப்பருப்புப் போட்ட கீரை மசியல், புடலங்காய்க் கூட்டு, வேப்பம்பூ ரசம், வீட்டில் தோய்த்த தயிர். அங்காயப் பொடி கைவசமிருந்தால் முதல் பிடி சாதத்துக்கு அதைப் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம். சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் வேப்பம்பூவும் சுக்கும் சேர்ந்த அந்தக் கசப்பு, இனிப்பில் மரத்துப்போன நாக்கை எழுப்பி விடும். சாயங்காலம் பசித்தால் வாழைப்பழமோ கொய்யாப்பழமோ. பழத்தைச் சாறாக்கி வடிகட்டாதீர்கள். வடிகட்டியில் நிற்பதுதான் நார்ச்சத்து!

மூன்றாம் நாள் வழக்கமான சமையல். சாம்பார், வாழைத்தண்டோ கொத்தவரங்காயோ ஒரு கறி, ரசம், மோர், மாலையில் பயற்றஞ்சுண்டல். சுண்டலை ஏன் மூன்றாம் நாள் வரை தள்ளினோம் என்று கேட்பீர்கள். மந்தமான வயிற்றில் நார்ச்சத்தை ஒரேயடியாகக் கொட்டினால் வாயுவும் உப்புசமும்தான் மிஞ்சும். படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும், அவற்றிலும் தானியம் பருப்பிலுமாகச் சேர்ந்து 25 கிராம் நார்ச்சத்தும் பெரியவர்களுக்கு வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் சொன்ன அளவு. ரசமும் கீரையும் கூட்டும் சுண்டலும் உள்ள நம் சாப்பாட்டில் இது எட்டாத கனி அல்ல.

இந்த மூன்று நாளும் சாப்பிட்ட கையோடு படுக்காதீர்கள். ஒரு பத்துப் பதினைந்து நிமிஷம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடங்கள். சாப்பிட்ட பின் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், வாயுவும் நகரும். படுப்பதற்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மூன்று மணி இடைவெளி இருக்கட்டும். பண்டிகைக்காக இழந்த தூக்கத்தையும் திருப்பிக் கொடுங்கள். வயிறு கெட்டதற்கு மைசூர்பாகு பாதிக் காரணம் என்றால், மூன்று ராத்திரி அடுப்படியில் கண் விழித்தது மீதிக் காரணம்.

முறுக்கு பொரித்த எண்ணெயை என்ன செய்வது? ஆற விட்டு, வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிப்பதற்கும் கறிக்கும் பயன்படுத்தித் தீர்த்து விடுங்கள். கறுத்து, பிசுபிசுத்து, புகைய ஆரம்பித்த எண்ணெயைக் கொட்டத்தான் வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கேடு விளைவிக்கும் பொருள்கள் சேர்கின்றன. அதனால்தான் ஓட்டல்களும் பலகாரக் கடைகளும் எந்த அளவுக்கு மேல் பழைய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று நம் நாட்டில் 2018 முதல் விதி இருக்கிறது. கடைக்காரருக்கு உள்ள விதி நம் வீட்டுக்கும் இருக்கட்டுமே!

"வீணாகிறதே!"

எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த உரையாடல் நடக்காத வீடு எது?

"என்ன மாமி, முகம் வாடியிருக்கு? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லேடி. வயிறு கொஞ்சம் மந்தம். மத்தியானம் சாதமே சாப்பிடலே."

"அப்போ வெறும் வயிறா?"

"வெறும் வயிறு என்ன? குழந்தை பாதி கடிச்சுட்டு வெச்ச பாதுஷா இருந்தது. அப்பறம் டின் அடியிலே ஓமப்பொடித் தூள். தூக்கிப் போட மனசு வரலே. நேத்து ஜாங்கிரி ரெண்டு, இன்னிக்கு விட்டா ஊசிப் போயிடும்னு..."

பட்டியலைக் கேட்டால் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு மேல் இருக்கிறது! மாமி தன் கணக்கில் பட்டினி. வயிற்றின் கணக்கில் விருந்து. வீட்டில் மற்றவர்கள் பண்டிகையன்று மட்டும்தான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். அவளோ பண்டிகைக்குப் பிறகு பத்து நாள், மிஞ்சினதை எல்லாம் 'வீணாகாமல்' தன் வயிற்றில் போட்டுக்கொள்கிறாள். ஒரு நாள் விருந்தால் வந்த சிவப்பு ஆறிவிடும். பத்து நாள் தொடர்ந்தால் ஆற இடம் ஏது? நவராத்திரி முடிந்தால் தீபாவளி, அது முடிந்தால் கார்த்திகைப் பொரியுருண்டை, பிறகு பொங்கல். டின் காலியாவதற்குள் அடுத்த டின் நிறைகிறது.

மிஞ்சினதைத் தின்றால் வீணாகவில்லை என்று யார் சொன்னது? வேண்டாத வயிற்றுக்குள் போன பாதுஷாவும் வீணான பாதுஷாதான். குப்பைத் தொட்டியில் போட்டால் போவது அதன் விலை மட்டும். வயிற்றில் போட்டால் பின்னால் டாக்டர் பில்லும் சேர்கிறது.

ஆகவே தீபாவளிக்கு மறுநாளே எல்லா டின்களையும் மேஜையில் இறக்குங்கள். நல்ல நிலையில் இருக்கும்போதே, வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் காவல்காரருக்கும் தெருவைப் பெருக்குகிறவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். ஐந்தாம் நாள் சிக்கு வாடை அடித்த பிறகு கொடுப்பது தானமல்ல. பால்கோவா, பால் சேர்ந்த மிட்டாய்கள் முதலில் போகட்டும். அவைதான் சீக்கிரம் கெடும். முறுக்கு, தேன்குழல் ஈரம் படாத டின்னில் சில வாரம் தாங்கும். கண்ணுக்கு எட்டாத மேல் தட்டில் வையுங்கள். மீதியிருக்கும் இனிப்பைச் சாப்பாட்டோடு ஒரு துண்டு என்று இலையில் வைத்துப் பரிமாறுங்கள். டின்னுக்குள் கையை விட்டு நின்றுகொண்டே தின்பதற்குக் கணக்கே கிடையாது.

நீங்களும் எல்லாருடனும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடைசியில் தனியாகச் சாப்பிடுகிறவளுக்குத்தான் ரசம் தீர்ந்து, பாதுஷா மிஞ்சுகிறது!

இது அஜீரணம் அல்ல

மேலே சொன்னதெல்லாம் சாதாரண மந்தத்துக்கு. சில சமயம் அஜீரணம் என்ற பெயரில் வேறு விருந்தாளிகள் வருவதுண்டு.

நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ தோளுக்கோ முதுகுக்கோ பரவும் வலி இவற்றில் எது வந்தாலும், 'வாயு' என்று சொல்லி ஓமத்திராவகம் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கு நெஞ்சு வலி பிரமாதமாக இல்லாமலே, குமட்டல், மேல் வயிற்றில் சங்கடம், இனம் தெரியாத அசதி என்று அது வேஷம் போட்டு வருவதுண்டு. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். "வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்களே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பொறுத்துக்கொள்வது பெருமைக்குரிய பொறுமை அல்ல.

வலது விலாவுக்குக் கீழே விடாத வலியும் ஜுரமும், முதுகு வரை துளைக்கும் வயிற்று வலியும் வாந்தியும், கண் மஞ்சளாவது, மலம் தார் போல் கறுத்துப் போவது, வாந்தியில் ரத்தம் இவற்றுக்கும் கைவைத்தியம் கிடையாது, ஆஸ்பத்திரிதான். இரண்டு வாரத்துக்கு மேல் நெஞ்சுக் கரிப்பு தொடர்ந்தால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே இராமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குழந்தைக்கு வாந்தியும் பேதியுமானால் முதல் கவலை நீர் வற்றுவது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். அது கிடைக்காத ராத்திரியில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலை தட்டி அளந்து கரைத்துக் கொடுக்கலாம். சிறுநீர் குறைந்து, கண் குழி விழுந்து, குழந்தை சோர்ந்து துவண்டால் தாமதிக்காதீர்கள்.

அடுத்த வருஷத் தீபாவளிக்கு இப்போதே ஒரு தீர்மானம் செய்து கொள்ளலாம். ஐந்து தினுசுக்குப் பதில் இரண்டு. ஒரு படிக்குப் பதில் அரைப்படி. மைசூர்பாகு ருசிப்பதெல்லாம் முதல் துண்டில்தான். நாலாவது துண்டில் ருசி இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. லேகியத்தை மட்டும் வழக்கம்போல் கிளறுங்கள். அதில் முதல் உருண்டை, அடுப்படியில் கண் விழித்தவளுக்கு!